நவீன ஐரோப்பிய, பிரிட்டிஷ் வரலாற்றில் முதுகலை: ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா, லண்டனா, பெர்லினா, வியன்னாவா?

வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு மேலே படிக்க வெளிநாடு பார்ப்பவர்கள் பெரும்பாலும் ரேங்கிங் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பேன். முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நீங்கள் எழுதப்போகும் ஆய்வேட்டுக்கு வேண்டிய கோப்புகள் எந்த ஊரில் இருக்கின்றன? அவை எந்த மொழியில் இருக்கின்றன? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஐந்து ஊர்களில் மூன்று தானாகவே விலகிவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் முதுகலை அமைப்பில் இரண்டும் வேறு வேறு. கேம்பிரிட்ஜில் எம்.பில். ஒரு கல்வியாண்டு. நவீன பிரிட்டிஷ் வரலாற்றுக்கு ஒன்று, நவீன ஐரோப்பிய வரலாற்றுக்கு ஒன்று எனத் தனித்தனிப் படிப்புகளாகவே நடத்தி வந்திருக்கிறார்கள். ஆய்வேடு 15,000 முதல் 20,000 சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டில் எம்.எஸ்டி. (மாஸ்டர் ஆஃப் ஸ்டடீஸ்) என்பது ஓராண்டுப் படிப்பு, ஆய்வேடு சுமார் 15,000 சொற்கள். எம்.பில். என்றால் 21 மாதங்கள், 30,000 சொற்கள். இந்தியாவில் எம்.பில். படிப்பையே நிறுத்திவிட்டதால், அந்தப் பெயரைப் பார்த்துப் பழைய படிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே அது முழு மதிப்புள்ள முதுகலைப் பட்டம்.

பிஎச்.டி. எண்ணம் இருப்பவர்களுக்கு இந்த ஓராண்டு, ஈராண்டு வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஓராண்டுப் படிப்பு அக்டோபரில் தொடங்குகிறது. பிஎச்.டி. இடத்துக்கும் உதவித்தொகைக்கும் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியில் வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் என்பது எட்டு வாரம்தான். அந்த எட்டு வாரத்தில் ஆய்வேட்டின் ஒரு பக்கத்தைக்கூட எழுதியிருக்க மாட்டீர்கள், பரிந்துரைக் கடிதம் தர வேண்டிய கைடு உங்களை நான்கைந்து முறைதான் சந்தித்திருப்பார். அந்த நிலையில் மூன்று, நான்கு வருட ஆராய்ச்சிக்குத் திட்டம் எழுத வேண்டும். பி.ஏ.விலேயே பெரிய ஆய்வேடு எழுதிவிட்டு வரும் பிரிட்டிஷ் மாணவர்களுக்கு இது சமாளிக்கக்கூடியது. தேர்வுத்தாளை மட்டுமே எழுதிப் பட்டம் வாங்கிய நம் பிள்ளைகளுக்கு இது அநியாயமான அவசரம். ஆக்ஸ்ஃபோர்டு எம்.பில்.லில் இரண்டாம் ஆண்டு டிசம்பரில் விண்ணப்பிக்கலாம். அதற்குள் ஒரு கோடைகாலம் முழுவதும் ஆவணங்களோடு உட்கார்ந்திருப்பீர்கள், எந்தக் கேள்வி தாங்கும், எது தாங்காது என்று தெரிந்திருக்கும். பிஎச்.டி.தான் இலக்கு என்றால், பணத்துக்கு வழியிருந்தால், ஆக்ஸ்ஃபோர்டின் 21 மாதம்தான் என் தேர்வு.

ஆவணங்களில் இரண்டு ஊர்களுமே பணக்கார ஊர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆவணங்கள் இருக்கின்றன. அட்லி, மேக்மில்லன், ஹரால்டு வில்சன் போன்ற பிரதமர்களின் தாள்களும் அங்கேதான். கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியில் சர்ச்சிலின் தாள்கள், தாட்சரின் தாள்கள், வெளியுறவு அமைச்சராக இருந்த எர்னெஸ்ட் பெவினின் தாள்கள் என ஒரு தனிக் காப்பகமே உண்டு. தாட்சர் காலம் உங்கள் தலைப்பு என்றால் கேம்பிரிட்ஜை விட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

சரி, லண்டன். தர வரிசையில் பலர் இதை மூன்றாவதாக வைக்கிறார்கள். பிரிட்டிஷ் வரலாற்றுக்கு மட்டும் என்றால் நான் முதலில் வைப்பேன். காரணம் லண்டனின் கியூ (Kew) பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகம். வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. பேனா உள்ளே போகாது, பென்சில் மட்டும்தான். பையை லாக்கரில் வைத்துவிட்டு, தேவையானதைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். கோப்பு எண்ணைக் கணினியில் பதிந்தால், உங்கள் இருக்கை எண்ணுக்கு உரிய பெட்டியில் கோப்பு வந்து சேரும். சொந்த கேமராவில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியுறவுத் துறையின் எஃப்.ஓ. 371 வரிசைக் கோப்பு ஒன்றைப் பிரித்தால், உள்ளே இருக்கும் தந்தியைவிட அதன் மேலுறையில் எழுதியிருப்பதுதான் பல நேரம் சுவாரசியம். முதலில் ஓர் இளநிலை அதிகாரி தன் கருத்தை எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். அதன் கீழே அவருடைய மேலதிகாரி, அதற்குக் கீழே இன்னொருவர் என்று படிப்படியாக மேலே போகும். ஒரு முடிவு எங்கே திரும்பியது என்பதை அந்தக் கையெழுத்துகளிலேயே பார்க்கலாம். அச்சிட்ட தொகுப்புகளில் இது பெரும்பாலும் கிடைக்காது. லண்டனில் குடியிருக்கும் மாணவர் வகுப்பில்லாத நாளெல்லாம் அங்கே போய் உட்காரலாம். ஞாயிறும் திங்களும் விடுமுறை, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், 1921இல் தொடங்கிய வரலாற்று ஆய்வுக் கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுசில் இருக்கிறது. அங்கே மாலை நேரக் கருத்தரங்குகள் நடக்கும், எந்தக் கல்லூரி மாணவரும் போய் உட்காரலாம். கிங்ஸ், யூ.சி.எல்., குயின் மேரி என எங்கே சேர்ந்தாலும் இந்த வாய்ப்பு ஒன்றுதான். லண்டன் எம்.ஏ.வுக்கு இன்னொரு அனுகூலம்: ஆய்வேட்டைப் பொதுவாகக் கோடை முடிந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஓராண்டுப் படிப்பில் அந்தக் கோடை கிடையாது. குறை என்றால் வாடகை. அதைச் சின்னக் குறை என்று சொல்ல மாட்டேன்.

தொழிற்சங்க வரலாறு என்றால் வாரிக், சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கை என்றால் மாஸ் அப்சர்வேஷன் தொகுப்பை வைத்திருக்கும் சசெக்ஸ், லேபர் கட்சி என்றால் மான்செஸ்டர். இந்தத் தலைப்புகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு இடத்தை விட்டுவிட்டு அங்கே போனாலும் தப்பில்லை.

ஆனால் பிரிட்டிஷ் வரலாற்றை பிரிட்டனில் மட்டுமே உட்கார்ந்து எழுதிவிட முடியுமா? சூயஸ் நெருக்கடியைப் பாருங்கள். 1956 அக்டோபர் 24 அன்று பாரிசுக்கு அருகே செவ்ரில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தைத் தாக்க ரகசிய உடன்பாடு செய்தன. பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட அந்தத் தாளின் பிரிட்டிஷ் பிரதியை அழிக்கச் சொன்னவர் பிரதமர் ஈடன். இஸ்ரேல் வைத்திருந்த பிரதி பிழைத்ததால்தான் அதன் வாசகம் நமக்கு முழுதாகத் தெரியும். கியூவை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கதையின் நடுப்பக்கமே இருக்காது. பிரிட்டனுக்குள்ளேயே மறைந்து கிடந்தவையும் உண்டு. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த மாவ் மாவ் கிளர்ச்சியில் சித்திரவதைக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கின்போது, 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுவந்து இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பதுக்கியிருந்த கோப்புகள் 2011இல் வெளியே தெரிந்தன. இலங்கைக் கோப்புகளும் அவற்றில் உண்டு. இப்போது எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் கியூவில் பார்க்கலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த இலங்கைக் கோப்புகளை எடுத்துக்கொண்டு, அதே காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளோடு வைத்துப் பார்த்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் எழுத முடியாத ஆய்வேடு கையில் வரும்.

ஐரோப்பிய வரலாறுதான் என்றால் பேச்சு மொழியில் வந்து நிற்கும். பெர்லினில் சுதந்திரப் பல்கலைக்கழகமும் ஹம்போல்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் உலகளாவிய வரலாறு எம்.ஏ. ஈராண்டு, ஆங்கிலத்தில் நடக்கிறது. அதற்காக ஜெர்மன் தேவையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வகுப்பறை ஆங்கிலம், ஆவணம் ஜெர்மன். அதுவும் அச்சு ஜெர்மன் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வழக்கில் இருந்த குர்ரென்ட் கையெழுத்தில், "e" எழுத்து பார்ப்பதற்கு "n" போலவே இருக்கும். ஜெர்மன் நன்றாகப் பேசுகிறவரே முதல் நாளில் ஒரு வரியில் திணறுவார். 1941இல் நாஜி அரசு பழைய எழுத்து முறையைக் கைவிடும் வரை பள்ளிகளில் குர்ரென்ட்டிலிருந்து வந்த கையெழுத்தைத்தான் கற்பித்தார்கள். ஆகவே 1945க்குப் பிந்தைய தலைப்பை எடுத்தால் பாதிச் சுமை குறையும். தட்டச்சுக் கோப்புகள் மலைமலையாக இருக்கின்றன. கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் கோப்புகளும் 2021இலிருந்து கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தோடு சேர்ந்துவிட்டன.

வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம். 1991இல் தொடங்கி, ஹங்கேரி அரசோடு ஏற்பட்ட மோதலால் 2019இல் புடாபெஸ்ட்டிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. கற்பிப்பது ஆங்கிலத்தில். ஹாப்ஸ்பர்க் பேரரசின் ஆவணங்கள் அதே ஊரில். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பணத்தில் கிழக்கு ஐரோப்பாவுக்கு ஒலிபரப்பிய ரேடியோ ஃப்ரீ யூரோப் வானொலியின் ஆய்வுத் தாள்கள் புடாபெஸ்ட்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்திலேயே இருக்கின்றன, ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிழக்கு ஐரோப்பாவை பிரிட்டனிலிருந்து பார்ப்பதற்கும் இங்கிருந்து பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம். ஜெர்மனோ ஹங்கேரியனோ இன்னும் தெரியாது, கற்றுக்கொள்ள மனமிருக்கிறது என்பவருக்கு பெர்லினைவிட வியன்னாவைச் சொல்வேன்.

பணத்தைப் பொறுத்தவரை ஜெர்மனிக்குத்தான் முதலிடம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. பிரிட்டனில் உதவித்தொகை இல்லாமல் வரலாறு படிக்கக் கடன் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டுப் படிப்புக்குத்தான், முடித்ததும் இரண்டு ஆண்டு நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு எம்.பில்.லுக்கு அது உதவாது, ரோட்ஸ் உதவித்தொகை உதவும். கேம்பிரிட்ஜுக்கு கேட்ஸ் உதவித்தொகை உண்டு.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மின்னஞ்சல் கட்டாயம் அனுப்புங்கள். யாரிடம் படிக்க நினைக்கிறீர்களோ, அந்தப் பேராசிரியர் வரும் கல்வியாண்டில் ஆய்வு விடுப்பில் போகிறாரா என்று கேளுங்கள். ஈராண்டுப் படிப்பில் அடுத்த ஆண்டாவது அவர் கிடைப்பார். ஓராண்டுப் படிப்பில் அவர் இல்லை என்றால் இல்லைதான், அந்த ஆண்டு அந்த ஊருக்கு விண்ணப்பிக்க வேண்டிய அவசியமும் இல்லை.