மருந்து வைத்தும் வலி வராவிட்டால்: ஆபரேஷனா, இன்னொரு ராத்திரியா?

டியூ டேட் தாண்டி எட்டு நாள் ஆகியிருந்தது எனக்கு. 41 வாரம் 1 நாள். வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் அட்மிட் ஆகி, கர்ப்பப்பை வாயை இளக்க ஏழு மணிக்கு முதல் ஜெல், மதியம் ஒன்றுக்கு இரண்டாவது, ராத்திரி ஏழரைக்கு மூன்றாவது. ஒரு நாளில் அதற்கு மேல் வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஜெல்லுக்கும் ஓரிரு மணி நேரம் இடுப்பைப் பிடித்து இழுக்கும். அம்மா உடனே "வந்துருச்சு, வந்துருச்சு" என்று முருகனைக் கும்பிடுவாள். அப்புறம் வந்த வலி வந்த வழியே போய்விடும்.

மறுநாள் காலை டாக்டர் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு விரல்கூட முழுசா இல்லம்மா. வாய் இன்னும் கெட்டியா, நீளமா, பின்னாடி தள்ளி இருக்கு. தலையும் மேலேயேதான் நிக்குது." மூன்று வழி சொன்னார். இன்றைக்கே சிசேரியன். அல்லது பனிக்குடத்தை உடைத்துவிட்டு, வலி வர ஆக்சிடோசின் டிரிப் ஏற்றிப் பார்ப்பது. அல்லது இன்று பகல் முழுக்க ஒன்றும் செய்யாமல் ஓய்வு, சாயங்காலம் பல்பு (கர்ப்பப்பை வாயில் வைக்கும் பலூன் குழாய்) வைத்து நாளைக் காலை புதிதாக ஆரம்பிப்பது.

நான் மூன்றாவதைச் சொன்னேன். அடுத்த நாற்பது மணி நேரத்துக்குள் எனக்கு நடந்தது சிசேரியன்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருந்தும் அதே இடத்தில் அதே கேள்வியை யாராவது கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். ஏன் என்பதுதான் இந்த அலசல்.

முதலில் ஒன்று. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, ரத்தப்போக்கு, தாய்க்கு பிரஷர் எகிறுகிறது என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லை. டாக்டர் காட்டுகிற பக்கம் போக வேண்டியதுதான். எதற்காக மருந்து வைத்தார்கள் என்பதும் முக்கியம். எனக்கு நாள் தள்ளியது ஒன்றுதான் காரணம். பிரஷர், சுகர், ஸ்கேனில் நீர் அளவு எல்லாம் சரியாக இருந்தன. பிரஷருக்காக மருந்து வைக்கப்பட்டவருக்கு "இன்னொரு ராத்திரி" என்ற வழி பெரும்பாலும் இருக்காது. அதேபோல் 41-இல் ஒரு நாள் தள்ளுவது வேறு, 42-ஐ நெருங்கிவிட்டுத் தள்ளுவது வேறு.

சரி, சிசேரியனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். எப்போது முடியும் என்று தெரியும். முதுகில் ஒரு ஊசி, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து குழந்தை கையில். ஒன்றரை நாள் தூங்காமல் கிடந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்பது கிடந்தவளுக்குத்தான் தெரியும். எங்கள் அத்தைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: நாளை மறுநாள் அஷ்டமி, அதற்குள் எடுத்துவிட்டால் நல்லது. தமிழ்நாட்டில் இது ஒன்றும் விசித்திரமான முடிவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8. பில் கூடும், இருமினால் தையல் இழுக்கும், குழந்தையைத் தூக்க ஒருவர் கூடவே வேண்டும். இதெல்லாம் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை.

இரண்டாவது வழி, பனிக்குடத்தை உடைத்து டிரிப் ஏற்றுவது. பார்வைக்கு இதுதான் நியாயமான நடுவழி போலத் தெரியும். ஆபரேஷனும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. என் கணவர் இதைத்தான் விரும்பினார். ஆனால் என்னைப் பொறுத்தவரை மூன்றில் யோசிக்காமல் தலையாட்டக் கூடாதது இதுதான்.

காரணம் பனிக்குடம். மொத்த முடிவும் இந்த ஒன்றில்தான் தொங்குகிறது என்பேன்.

கர்ப்பப்பை வாய் பழுப்பது ஒரு வேலை, வலி எடுத்து வாய் திறப்பது இன்னொரு வேலை. ஜெல், பல்பு எல்லாம் முதல் வேலைக்கு. பிஷப் ஸ்கோர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவாக இருக்கிறதா, முன்பக்கம் வந்திருக்கிறதா, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்துக்கும் மார்க் போட்டுக் கூட்டுவது. எட்டு வந்தால் பழுத்த கேஸ். ஆறும் அதற்குக் கீழேயும் காய். எனக்கு மூன்று ஜெல்லுக்குப் பிறகும் நான்கு. ஆக, எனக்குப் பலிக்காமல் போனது பழுக்க வைத்தது மட்டும்தான். பிரசவம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. புகை போட்ட வாழைத்தார் ஒரு நாளில் பழுக்கவில்லை என்பதற்காக யாரும் தாரைத் தூக்கி மாட்டுக்குப் போடுவதில்லை. இன்னொரு நாள் மூட்டம் போடுவார்கள்.

பனிக்குடம் உடையாமல் இருக்கும்வரை அந்த இன்னொரு நாள் நம்மிடம் இருக்கிறது. உள்ளே குழந்தை மூடிய பையில் பத்திரமாக இருக்கிறது, கிருமி ஏறும் ஆபத்து குறைவு. ஓய்வு எடுக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், மறுபடி ஆரம்பிக்கலாம். உடைத்துவிட்டால் கதை வேறு. அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். நேரம் ஆக ஆக, உள்ளே கைவைத்துப் பார்க்கும் எண்ணிக்கை கூடக் கூட, தொற்று பயமும் கூடும். "இன்றைக்குப் போதும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாரும் சொல்ல முடியாது. காயாக இருக்கும் வாயில் பனிக்குடத்தை உடைப்பது என்பது, சிசேரியனுக்குத் தேதி குறித்துவிட்டு, நடுவில் பன்னிரண்டு மணி நேரம் வலியையும் வாங்கிக்கொள்வதாக முடியக்கூடும்.

அண்ணிக்கு அப்படித்தான் ஆனது. வேறு ஊர், வேறு மருத்துவமனை. ஒன்றரை விரல் இருக்கும்போது சாயங்காலம் நான்கு மணிக்கு உடைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க டிரிப், வலி, விடியும்போது மூன்று விரலில் நின்றது, கூடவே காய்ச்சல். காலையில் ஆபரேஷன், குழந்தைக்கு மூன்று நாள் ஆன்டிபயாடிக் ஊசி. உடைத்த பிறகு அவர்கள் செய்ததில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உடைத்த நேரம்தான் எனக்கு உறுத்துகிறது. அதே வேலையை மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்து, வாய் மெலிந்து, தலை இறங்கிய பிறகு செய்தால் நல்ல வேலை. எனக்கே மறுநாள் செய்தார்கள்.

உடைத்தவர்களும் சீக்கிரம் மனசு விடவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டலின்படி, தாயும் சேயும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து ஆக்சிடோசின் ஏற்றி 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பிறகே மருந்து பலிக்கவில்லை என்ற முடிவுக்கு வரலாம். வாய் வேகமாகத் திறக்கும் கட்டம் தொடங்குவதே ஆறு சென்டிமீட்டரில்தான் என்றும் அது சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 கணக்கில் ஐந்து. பழைய கணக்கில் அது நான்காக இருந்தது. "நாலு மணி நேரமா மூணு சென்டிமீட்டர்லயே நிக்குது" என்று பதறும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வழி கிட்டத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். அன்று காலை கையிலிருந்த ஊசியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினார்கள். வெந்நீரில் குளித்தேன். ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு மதியம் நான்கு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் அடுத்த நாளை என்னால் தாண்டியிருக்க முடியாது. நடுநடுவே சிஸ்டர் வந்து வயிற்றில் பெல்ட்டைக் கட்டி இருபது நிமிடம் துடிப்பு பார்ப்பார். குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுத்த வாய் காபி குடிப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பல்பு. சிறுநீருக்குப் போடுகிற அதே ரப்பர் குழாய்தான்; நுனியில் உள்ள பலூனை வாய்க்கு உள்பக்கமாக வைத்து உப்புநீர் ஏற்றிவிட்டு, மீதிக் குழாயைத் தொடையில் இழுத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வைக்கும்போது பல்லைக் கடிக்க வைத்தது. அதன் பிறகு மந்தமான ஒரு இழுப்பு, அவ்வளவுதான். விடியற்காலை நாலரைக்குப் பாத்ரூமில் அது தானாக நழுவி விழுந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நான் கத்த, சிஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார்: "விழுந்தா நல்லதுக்கா. வாய் திறந்தாத்தான் விழும்."

மூன்றரை சென்டிமீட்டர். முந்தின நாள் கல்லாக இருந்த வாய் இளகியிருந்தது. ஏழு மணிக்குப் பனிக்குடத்தை உடைத்தார்கள், நீர் தெளிவாக இருந்தது. எட்டுச் சொட்டில் டிரிப் ஆரம்பம். அரை மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் வந்து சக்கரத்தை உருட்டிச் சொட்டைக் கூட்டிவிட்டுப் போவார். இரண்டு மணிக்கு ஐந்து, ஐந்து மணிக்கு ஏழு. அப்புறம் நின்றுவிட்டது. நல்ல வலி, பத்து நிமிடத்துக்கு நாலு. ஒன்பதரை மணிக்குப் பார்த்தபோதும் அதே ஏழு. குழந்தை முகம் மேலே பார்த்தபடி இருந்தது, தலை வீங்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே நான் "சரி" என்றேன். பத்து நாற்பதுக்குப் பெண் குழந்தை, 3.4 கிலோ.

"ரெண்டு வலியும் பட்டாச்சு" என்றார் அத்தை. நியாயம்தான். கூட்டிக் கழித்தால் எனக்கு அதிகப்படியாக ஆனது இரண்டு ராத்திரி அறை வாடகை, பத்துப் பதினைந்து மணி நேரம் வலி. பனிக்குடம் உடையாமல் காத்திருந்த நாளுக்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதைத்தான் நான் நல்ல பேரம் என்கிறேன். வலி தாங்க முடியாதவர்களுக்கு எபிடூரல் இருக்கிறது. நான் போட்டுக்கொள்ளவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. நடுவில் குழந்தையின் துடிப்பு இறங்கியிருந்தால் நான் இதையே வேறு தொனியில் எழுதியிருப்பேன் என்பதையும் மறுக்கவில்லை.

அடுத்த குழந்தை வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தத் தேர்வில் கனம் அதிகம். கர்ப்பப்பையில் ஒரு தழும்பு விழுந்துவிட்டால் அடுத்த முறை கணக்கே மாறும். ஒருமுறை சிசேரியன் ஆனவர்கள் அடுத்ததில் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குக் கைகூடுகிறது. தழும்பு விட்டுக்கொடுக்கும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அப்போது நாள் தள்ளிப்போனால், எனக்கு வைத்ததுபோல் தாராளமாக மருந்து வைக்க டாக்டர்கள் தயங்குவார்கள். ஒவ்வொரு சிசேரியனுக்கும் நஞ்சுக்கொடி தழும்பில் வேர்பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் கூடிக்கொண்டே போகும். ஒரு குழந்தை போதும் என்று முடிவெடுத்தவருக்கு இந்தக் கனம் பாதியாகக் குறைந்துவிடும். அவர் முதல் நாளே ஆபரேஷன் என்றால் நான் வாதாட மாட்டேன். எனக்கு இன்னொன்று வேண்டும். அது எப்படிப் பிறக்கும் என்பதைப் பிறந்த பிறகுதான் எழுத முடியும்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த சம்மரியில், சிசேரியனுக்கான காரணம் என்ற இடத்தில் "மருந்துக்கு வலி வரவில்லை" என்ற பொருளில் ஒரு வரி டைப் அடித்திருந்தார்கள். எல்லோருக்கும் போடுகிற வரியாக இருக்க வேண்டும். அடுத்த முறை பார்க்கப்போகும் டாக்டர் முதலில் படிக்கப்போவது அதைத்தான். வீல் சேரில் உட்கார்ந்தபடியே திருப்பி அனுப்பினேன். கணவர், "இதுல என்ன இருக்கு, வண்டி நிக்குது" என்றார். கால் மணி நேரம் கழித்து டாக்டரே வந்தார். அந்த வரியைப் பேனாவால் அடித்து, மேலே "7 செ.மீ. வரை திறந்து நின்றது, குழந்தை முகம் மேலே" என்பதை அவர்கள் மொழியில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.