ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையை நம்பி ஏமாந்தேன்

தைராய்டு, அட்ரினல், பாராதைராய்டு, கணையம் என்று எந்தச் சுரப்பி செயலிழந்தவராக இருந்தாலும் சரி, "ஸ்டெம் செல் ஏற்றினால் சுரப்பி மறுபடி வேலை செய்யும், இனி மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு மருத்துவமனை உங்களிடம் சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிய பிறகுதான் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் கழுத்தில் கட்டிகள் பெருத்ததால் என் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் 125 மைக்ரோகிராம் தைராக்சின், அதாவது சுரப்பி சுரக்க வேண்டிய ஹார்மோனை மாத்திரையாக. அறிக்கையில் எண்கள் சரியாக இருந்தும், மதியத்துக்குள் உடல் ஓய்ந்துபோகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். அந்த அலுப்பில் இருந்தபோதுதான் ஒரு ஸ்டெம் செல் மருத்துவமனையின் விளம்பரம் கண்ணில் பட்டது.

அங்கே முதலில் என்னிடம் பேசியவர் மருத்துவர் அல்ல, "ஆலோசகர்". அவர் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் செலுத்தியதில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை. 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான முடிவு அது. உண்மையான செய்தி. நான் விழுந்தது அதனால்தான். பொய்யைக் காட்டியிருந்தால் தேடிப் பார்த்து விலகியிருப்பேன். தேடினேன்; அவர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தது. "கணையத்துக்கு முடிகிறது என்றால் தைராய்டுக்கு முடியாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வயிற்றின் பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதோ திரவம் கொண்ட சிறிய பையைத் தொங்கவிட்டு, கையில் டிரிப்ஸ் வழியாக ஏற்றினார்கள். படுத்தபடி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒட்டியிருந்த தாளில் பேனாவால் என் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன. எத்தனை செல்கள், எந்த வகைச் செல்கள், எந்த ஆய்வகம் சோதித்தது என்று ஒரு வரிகூட இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும்போது, "இன்றிலிருந்து தைராக்சினை நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால் புதிய செல்கள் சோம்பிவிடும்" என்றார்கள். ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) அளவு 0.9, டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) 3.2. இரண்டுமே இயல்பு வரம்புக்குள். ஐந்து நாளாக மாத்திரை இல்லை, ஹார்மோன் இருக்கிறது. அப்படியானால் சுரப்பி சுரக்கிறது என்றுதானே பொருள்? அழுதுவிட்டேன். அந்த அழுகையோடு கேமரா முன் உட்காரவைத்தார்கள். "என் தைராய்டு திரும்பிவிட்டது" என்று என் வாயாலேயே சொன்னேன். அந்தக் காணொளியை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். நீங்கள் அதைப் பார்த்திருந்தால், நான் சொன்னது உண்மை அல்ல.

மூன்றாவது வாரம் குளிர ஆரம்பித்தது. ஐந்தாவது வாரம் குரல் கட்டிக்கொண்டது, இமைகள் வீங்கின, விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை. கேட்டால், "செல்கள் நிலைகொள்ளும் காலம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வந்தது. ஏழாவது வாரம் என்னைப் பார்க்க வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீ பேசுவது ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்கு நான் சாதாரணமாகப் பேசுவதாகத்தான் தோன்றியது. அன்றே அவள் என்னை ஹார்மோன் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நாடித்துடிப்பு 48. டிஎஸ்எச் 90-ஐத் தாண்டியிருந்தது.

அந்த மருத்துவர் திட்டவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு சரிவுக் கோடு வரைந்தார். தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாள் ஆகும். மாத்திரையை நிறுத்துவதற்கு முன் என் ஃப்ரீ டி4 1.5. ஐந்தாம் நாள் 0.9. கோட்டின் மேல் அந்த இரண்டு புள்ளிகளையும் வைத்தார்; பிசகாமல் பொருந்தின. ஐந்தாம் நாள் என் ரத்தத்தில் இருந்தது பழைய மாத்திரையின் மிச்சம். டிஎஸ்எச் இன்னும் மெதுவாக அசைவது. மருந்தின் அளவை மாற்றினால் அது நிலைப்பட ஆறு வாரம்வரை ஆகும் என்பதால்தான் மருத்துவர்கள் அவ்வளவு நாள் கழித்துப் பரிசோதிக்கிறார்கள். ஐந்தாம் நாள் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பத்து நாள் காத்திருந்தால் எண் வரம்புக்குக் கீழே இறங்கியிருக்கும்.

பிறகு அவர் தைரோகுளோபுலின் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தைரோகுளோபுலின் என்பது தைராய்டு செல்கள் மட்டுமே உண்டாக்கும் புரதம். மாத்திரையில் அது கிடையாது. சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்ட ஒருவருக்குள் புதிதாகத் தைராய்டுத் திசு முளைத்திருந்தால் அது ரத்தத்தில் தெரிய வேண்டும். எனக்கு 0.1-க்கும் கீழ், அதாவது கண்டறிய முடியாத அளவு. அந்த இடத்தில் இந்தப் பரிசோதனையை ஒருமுறைகூட எடுக்கவில்லை. நீரிழிவில் சி-பெப்டைடு இதே வேலையைச் செய்கிறது: உடல் தானே இன்சுலின் சுரந்தால் அதுவும் சேர்ந்து வரும், ஊசியில் போடும் இன்சுலினில் இருக்காது. சுரப்பி திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால், மருந்தில் இல்லாத, சுரப்பி மட்டுமே தரக்கூடிய ஒன்றை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நீரிழிவு ஆய்வில் நடந்ததற்கும் எனக்கு நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் பிறகுதான் புரிந்துகொண்டேன். அங்கே, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் படிப்படியாக மாற்றி, முழுமையான இன்சுலின் செல்லாக்கிய பிறகே கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். உடல் அவற்றை அழிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். அந்த ஆய்வில் இருவர் இறந்தார்கள். ஒருவரின் மரணத்துக்குக் காரணம் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வந்த மூளை உறை அழற்சி. ஆலோசகர் காட்டிய தாளில் அந்தப் பகுதி இல்லை.

எனக்கு ஏற்றியதோ எதுவாகவும் மாற்றப்படாத கொழுப்புத் திசுச் செல்கள். அவை தைராய்டாக மாறாது. கை ரத்தக்குழாயில் ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். கழுத்தைத் தேடிப் போவதில்லை. இந்த வகைச் செல்களுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்ற பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கேப்ளனே, அந்தப் பெயர் நோயாளிகளைத் தவறாக நம்பவைக்கிறது, மாற்ற வேண்டும் என்று 2017-இல் எழுதினார்.

தைராய்டில் உண்மையான ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2012-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் எலியின் கருமூல ஸ்டெம் செல்லில் என்கேஎக்ஸ்2-1, பாக்ஸ்8 என்ற இரண்டு மரபணுக்களை இயக்கி, ஹார்மோன் சுரக்கும் தைராய்டு நுண்பைகளை வளர்த்தார்கள். தைராய்டு இல்லாத எலிகளில் பொருத்தியதும் ஹார்மோன் திரும்பியது. 2022-இல் மனித ஸ்டெம் செல்லிலிருந்தும் அப்படி வளர்த்துக் காட்டினார்கள். அதைப் பொருத்தியதும் எலியில்தான். அந்த ஆராய்ச்சி ஒருநாள் என்னைப் போன்றவர்களை எட்டும் என்று இப்போதும் மனதார நம்புகிறேன். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

"எங்கள் ஆய்வு அமெரிக்க அரசின் இணையப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது" என்றும் சொன்னார்கள். பதிவு என்பது ஒப்புதல் அல்ல. அந்தப் பட்டியலே அப்படித்தான் சொல்கிறது. புளோரிடாவில் கண்ணுக்குள் கொழுப்புச் செல்களைச் செலுத்திக்கொண்டு பார்வை இழந்த மூன்று பெண்களைப் பற்றிய அறிக்கை 2017-இல் வந்தது. அவர்களில் சிலர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போயிருந்தார்கள். அவர்களும் கைக்காசு கொடுத்தே சேர்ந்தார்கள். ஆய்வு என்று சொல்லி சிகிச்சைக்கே பெருந்தொகை கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின் நான்காம் பக்கத்தைக் காட்டினார்கள்: "பலனுக்கு உத்தரவாதம் இல்லை." மாத்திரையை நிறுத்தச் சொன்னது அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. வாயால் மட்டுமே சொன்னார்கள். புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. செல் ஏற்றிய அன்று அடுத்த கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தார். அட்ரினல் சுரப்பிகள் இரண்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்று எழுதிய அட்டையைப் பையில் வைத்திருந்தார். "இனி இது வேண்டியதில்லை போல" என்று அதை என்னிடம் காட்டிச் சிரித்தார். தைராக்சின் வாரக்கணக்கில் உடலில் தங்கியதால் நான் பிழைத்தேன். அட்ரினல் இல்லாதவர்கள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையான ஹைட்ரோகார்ட்டிசோன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அம்மா, நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அந்த மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இப்போதே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.