எட்டு ஆண்டு மிதிபட்ட வாசற்படி

வீட்டு வாசலில் கருங்கல் படி போட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கல் தேயவில்லை, நிறம் மங்கவில்லை. எங்களைப் பாடாய்ப் படுத்தியவை அடியில் கிடந்த மண்ணும், மேலே தேங்கிய தண்ணீரும், நாங்களே போட்ட தப்புக் கணக்கும்தான்.

தரையிலிருந்து நிலைவாசல் வரை 75 சென்டிமீட்டர். ஐந்து படிகள், ஒவ்வொன்றும் 15 உயரம், கால் வைக்கும் அகலம் 32. உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 65 வரை வர வேண்டும் என்பார்கள், எங்களுக்கு 62. ஏறி இறங்குவது சுகமாகவே இருந்தது. மறு ஆண்டு படிக்கு முன்னால் தளக்கல் பாவினோம். தரை 4 சென்டிமீட்டர் உயர்ந்து, அடிப்படி 11 ஆகக் குறுகிவிட்டது. ஏறும்போது பெரிதாக உறுத்தாது. இறங்கும்போதுதான், கால் எதிர்பார்ப்பதற்கு முன்பே தரை வந்து மோதும். அதிர்ச்சி முழங்கால் வரை ஏறும். வந்துபோகிறவர்கள் எல்லாரும் அதே இடத்தில் தடுமாறி, திரும்பி நின்று படியை முறைத்துவிட்டுப் போவார்கள். நான்கு படியில் பழகிய அளவையே ஐந்தாவதிலும் கால் தேடுகிறது; ஒரு சென்டிமீட்டர் வேறுபாடே அதற்கு அதிகம். வாசலில் பின்னால் எதைப் பாவப்போகிறீர்களோ, அதன் கனத்தையும் சேர்த்துக்கொண்டு அளவு எடுங்கள்.

மேல்படிக்கு மெருகேற்றிய கல்லைத் தேர்ந்தெடுத்தது என் ஆசை. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. முதல் மழையிலேயே மாமனார் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அடி பெரிதில்லை. ஆனால் அவர் அதை இன்றுவரை மறக்கவில்லை. பிறகு கல்தச்சரை அழைத்து, அம்மி பொளிவதுபோல அந்தக் கல்லைப் பொளிந்துவிட்டோம். அழகு போயிற்று, வழுக்கலும் போயிற்று.

இரண்டாம் மழைக்காலத்தில் கீழ்ப்படிகள் இரண்டும் முன்பக்கம் சாய்ந்தன. மேலே உள்ள படிக்கும் அவற்றுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அஸ்திவாரம் தோண்டியபோது எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி, சரியாகக் கெட்டிக்காமல் அதன்மேல் படி கட்டியிருந்தார்கள். மண் அமுங்க அமுங்கப் படியும் இறங்கியது. இடைவெளி வழியாக இறங்கிய மழைநீர் மண்ணை இன்னும் இளக்கியது. மூன்றாம் ஆண்டில் இரண்டு படிகளையும் தளக்கல்லையும் சேர்த்தே பெயர்த்தோம். ஒரு கல்பலகை ஏறத்தாழ 70 கிலோ. தூக்கிப் பார்த்தால், அடியில் கலவை முழுதாகப் பரவவே இல்லை. ஐந்து இடத்தில் உருண்டை உருண்டையாக வைத்து அழுத்தியிருந்தார்கள். முன்பு பீரோ இறக்கியபோது படிக்கல்லின் ஒரு மூலை ஏன் தெறித்தது என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த மூலைக்குக் கீழே வெறும் காற்று. மற்ற படிகளையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு இடத்தில் இன்றும் 'டொக்' என்கிறது.

இம்முறை மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இடித்து, கான்கிரீட் தளம் போட்டு, கலவையை முழுப்பரப்பிலும் பரப்பிக் கல்லை வைத்தோம். தளக்கல்லையும் பழைய தரைமட்டத்துக்கே இறக்கினோம்.

இடுக்குகளில் பூத்த வெள்ளை உப்பைப் போக்க ஆசிட் ஊற்றியது என் அவசரபுத்தி. அது சிமெண்ட் இணைப்புகளையே அரித்தது. பிறகு உலர்ந்த தூரிகையால் தேய்த்துவந்தேன். இரண்டே ஆண்டில் உப்பு தானாக நின்றுவிட்டது.

முதலில் கட்டிய கொத்தனார் ரசமட்டம் வைத்து ஒவ்வொரு படியையும் மயிரிழை பிசகாமல் சமமாக்கினார். நாங்களும் பக்கத்தில் நின்று மெச்சினோம். படிக்கு அது கூடாது. முன்பக்கமாக 4 மில்லிமீட்டராவது சரிவு வேண்டும். திரும்பப் பதித்த இரண்டிலும் அந்தச் சரிவு இருப்பதால் மழை விட்டதும் காய்ந்துவிடுகின்றன. மூன்றாம் படியில் மட்டும் இன்னமும் ஒரு கையளவு தண்ணீர் நிற்கிறது, ஓரத்தில் பாசியும் பிடிக்கிறது. மழை நின்றால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். இன்னொரு 70 கிலோவைப் பெயர்க்க எனக்குத் தெம்பில்லை.