எம்டனை மரத்தில் கட்டுவது: அட்டை அச்சா, ரெடிமேட் கிட்டா?

ஊரில் எவனாவது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் காட்டினால் எங்கள் பாட்டி, "அவன் பெரிய எம்டன்டா, அவங்கிட்ட வாய் குடுக்காத" என்பார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, எஸ்.எம்.எஸ். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதை அது. அந்தக் கப்பலை மரத்தில், பார்த்தால் பார்த்தபடி நிற்க வைக்கும் அளவுக்குப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது, பிறகு விடவே இல்லை.

எம்டனின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். 1:100 அளவில் கட்டினால் 118 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நாலடி. மூன்று வழிகள் கண்ணில் பட்டன. முழுக்க அட்டையிலேயே கட்டுவது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும், லேசரில் வெட்டிய மரத்துண்டுகள் அடங்கிய கிட் வாங்குவது இன்னொன்று. அட்டைக் கப்பலுக்கான அச்சுத்தாளைப் பெரிதாக்கி, அதிலிருந்து அட்டை அச்சு வெட்டி, அந்த அச்சை வைத்து மரத்தை அறுப்பது மூன்றாவது. நான் போனது மூன்றாவது வழி. அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முழு அட்டைக் கப்பலை முதலில் முடித்துவிடுகிறேன். செலவு குறைவு, சத்தம் இல்லை, மரத்தூள் இல்லை, சாப்பாட்டு மேசையிலேயே கட்டலாம். 1:250 அளவில் ஒன்று நானே கட்டியிருக்கிறேன், 47 சென்டிமீட்டர். நுணுக்கத்தில் மரம் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் நம் கடற்கரை ஈரத்தில் இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பக்கவாட்டுத் தாள், எலும்பு எண்ணுகிற மாதிரி உள்வாங்கிவிட்டது. மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது. நாலடிக்கு அட்டை வேண்டாம்.

கிட் விஷயத்தில் என் அனுபவம் பாதிதான். நானாக ஒன்றைத் தொடக்கம் முதல் கடைசிவரை கட்டியதில்லை. நண்பர் ஒருவர் ஒரு பெரிய பாய்மரக் கப்பல் கிட்டைக் கட்டியபோது பல ஞாயிறுகள் கூடவே உட்கார்ந்திருக்கிறேன். லேசர் வெட்டின் துல்லியத்தைப் பற்றி வாதமே இல்லை. துண்டுகளைக் கையில் எடுத்தால் பொருத்திப் பார்க்காமலே பொருந்தும் என்று தெரிந்துவிடும். கப்பி, நங்கூரம், கயிறு எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வந்துவிடும். கடை கடையாக அலைய வேண்டியதில்லை. லேசர் கரித்த ஓரங்களைப் பசை பூசுமுன் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். குறை என்றால் இரண்டு. பெரிய மரக் கிட்டுகளில் பெரும்பாலானவை பாய்மரக் கப்பல்கள், உங்கள் மனதில் இருக்கும் கப்பல் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இன்னொன்று விலை. சுங்கத்தையும் சேர்த்தால் அந்தப் பணத்தில் என் எம்டனைப் போல மூன்று கட்டியிருப்பேன்.

இனி அட்டை அச்சு. தாளைப் பெரிதாக்கி, வெட்டி, ஒட்டிவிட்டால் கப்பல் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் வெட்டியதெல்லாம் அடுப்புக்குத்தான் போயிருக்கும், வீட்டில் விறகடுப்பு இருந்திருந்தால்.

தாள் வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அட்டைக் கப்பல் தாள்களில் பல நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பாகத்தை மட்டும் தருபவை. அடிப்பாகமே இருக்காது. முழு உடல் உள்ள தாள்தான் நமக்கு வேண்டும். எனக்குக் கிடைத்தது எம்டனின் உடன்பிறப்பான ட்ரெஸ்டனின் தாள், 1:250. இரண்டும் ஒரே வகுப்புக் கப்பல்கள், இரண்டுக்கும் மூன்று புகைபோக்கி, உடலும் ஒன்றுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். ஆனால் ட்ரெஸ்டனுக்கு டர்பைன் என்ஜின், நான்கு சுழலிகள். (சுழலி என்றால் கப்பலைத் தள்ளும் விசிறி.) எம்டனுக்குப் பழைய பிஸ்டன் நீராவி என்ஜின், இரண்டே சுழலிகள். பின்பக்க அடிப்பாகத்தில் தண்டு வெளியே வரும் துளைகளையெல்லாம் அடைத்து, பட்டி பார்த்து, புதிதாகத் துளைக்க வேண்டி வந்தது.

1:250-ஐ 1:100 ஆக்க 250 சதவீதம் பெரிதாக்க வேண்டும். ஜெராக்ஸ் மெஷினில் செய்யாதீர்கள். தாள் ஓடும் திசையில் ஒரு அளவும் குறுக்கே இன்னொரு அளவும் இழுத்துவிடும். ஸ்கேன் செய்து, வீட்டு பிளான் போடும் கடையில் பெரிய தாளில் பிரிண்ட் எடுங்கள். எடுக்குமுன், பெரிதாக்கிய படத்தின் ஒரு மூலையில் நெடுக்கும் குறுக்குமாக 10 சென்டிமீட்டர் கோடு போட்டு வையுங்கள், பிரிண்ட் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அந்தப் பிரிண்டை அட்டையில் பெவிகால் வைத்து ஒட்டினால் தண்ணீரில் தாள் ஊறி விரியும். ரப்பர் சொல்யூஷன்தான் சரி.

பெரிதாக்கும்போது கோடும் பருமனாகும். தாளில் மயிரிழையாக இருந்த கோடு அரை மில்லிமீட்டர் பட்டையாகிவிடும். அதில் எந்த ஓரத்தில் வெட்டுவது? எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவரிடம் கேட்டேன். கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கோட்டக் கொல்லாத தம்பி. வெளிய அறு. கோடு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும், அப்புறம் அரத்த வெச்சு கோடு வரைக்கும் வா."

"உள்கோடா அண்ணே, வெளிக்கோடா?"

"எதுவோ ஒண்ணு. ஆனா கடைசி வரைக்கும் அதேதான்."

அடுத்தது தடிப்பு. அட்டைக் கப்பலில் வங்குகளின் மேல் வருவது வெறும் தாள். (வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு.) மரத்தில் அதே வங்கின் மேல் 2 மில்லிமீட்டர் பலகை வரும். அதைக் கழிக்காமல் வெட்டினால் 13.5 சென்டிமீட்டர் அகலக் கப்பல் 13.9 ஆகிவிடும். எண்ணாகப் பார்த்தால் சின்னது, முன்னால் நின்று பார்த்தால் எம்டன் சாப்பிட்டுப் பெருத்த மாதிரி தெரியும். அதனால் அச்சின் சுற்று முழுக்க 2 மில்லிமீட்டர் உள்ளே இன்னொரு கோடு போட்டு அதில்தான் வெட்ட வேண்டும். ஏராவும் (கப்பலின் முதுகெலும்பு) வங்கும் கோத்துக்கொள்ளும் வெட்டுவாயும் அப்படித்தான். அரை மில்லிமீட்டர் அட்டைக்கு வரைந்த வாய், பெரிதாக்கினால் ஒன்றேகால் மில்லிமீட்டர். நம் ப்ளைவுட் 4 மில்லிமீட்டர். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சமமாக அகலப்படுத்தாவிட்டால் கப்பல் ஒருபக்கமாகச் சாயும்.

மூன்றாவது, சாய்வு. தாள் கப்பலில் வங்கு மெல்லிசு, சாய்வைப் பற்றிய கவலையே இல்லை. 4 மில்லிமீட்டர் வங்கில் அணியத்துப் பக்கம் (கப்பலின் முன்முனை) பலகை வளைந்து வரும்போது வங்கின் ஓரத்தைச் சாய்வாக இழைத்தால்தான் பலகை படியும். அச்சுக் கோட்டை, கப்பலின் நடுவைப் பார்க்கும் முகத்தில் போட்டுக்கொண்டால் மறுமுகத்தில் தேய்த்துக்கொண்டே போகலாம், அளவு கெடாது. நான் முதலில் எல்லாவற்றையும் முன்முகத்தில் போட்டேன். அணியத்தில் ஐந்து வங்குகள் வீண்.

இவ்வளவு தொல்லையையும் சொல்லிவிட்டு இதுதான் மேல் என்று எப்படிச் சொல்கிறேன்? ஒரே காரணம்: கெட்டதை மறுபடி செய்ய முடிகிறது.

அந்த ஐந்து வங்குகள் வீணானபோது எனக்கு நஷ்டம் ஒரு முழம் ப்ளைவுட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அச்சு கையில் இருந்தது. பிரிண்டை மரத்தின்மேல் நேராக ஒட்டி அறுப்பவர்கள் உண்டு, வேகமான வழிதான். ஆனால் அறுத்து முடித்ததும் அச்சு போய்விடும். நான் புத்தகம் பைண்டிங் செய்யும் தடித்த அட்டையில், ஒவ்வொரு வங்குக்கும் பாதி மட்டும் வெட்டினேன். மரத்தில் நடுக்கோடு போட்டு, அட்டையை ஒருபக்கம் வைத்து வரைந்து, அப்படியே புரட்டி மறுபக்கம் வரைந்தால் இடமும் வலமும் ஒன்றுபோல வரும். பென்சில் உரசி உரசி அட்டை ஓரம் பஞ்சாகிவிடாமல் இருக்க, ஓரம் நெடுக ஃபெவிக்விக் ஓட விட்டேன். காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிட்டது. 18 வங்குக்கு 18 பாதிகள், எண் எழுதி, பாலிதீன் உறையில் போட்டுப் பரணில் வைத்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வீடு தரைத்தளம். கப்பல் அப்போது பலகை வைத்து முடிந்து, பெயின்ட் அடிக்காமல், தரையில் கட்டை வைத்து நிறுத்தியிருந்தது. தண்ணீர் வந்த அவசரத்தில் அரிசி மூட்டையைத் தூக்கினோம், ஃப்ரிட்ஜைத் தூக்கினோம். எம்டனை யாரும் நினைக்கவில்லை. மறுநாள் பார்த்தால் பின்பாதி ஊறிப்போய், பலகைகள் அப்பளம்போல எழும்பியிருந்தன. உரித்துப் பார்த்தேன். முன்பாதி வங்குகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. 15, 16, 17 மூன்றும் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. முன்பாதிக்கு 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை வாங்கியிருந்தேன். பின்பக்கம் வந்தபோது துண்டு தீர்ந்துபோய், வீட்டு அலமாரி செய்து மிஞ்சியிருந்த 303 முத்திரை, எம்.ஆர். வகை ப்ளையில் அறுத்துவிட்டேன். முதல் வகையின் பசை தண்ணீரைத் தாங்கும், இரண்டாவது சாதாரண ஈரத்தை மட்டும்தான்.

பரணில் இருந்து உறையை எடுத்தேன். அட்டைகள் காய்ந்த கருவாடு மாதிரி அப்படியே இருந்தன. அடுத்த இரண்டு ஞாயிறுகளில் மூன்று வங்குகளையும் மரைன் ப்ளையில் புதிதாக அறுத்துப் பொருத்தினேன். பலகைகளைத் திரும்ப வைக்க இன்னொரு மாதம் ஆனது, அது வேறு கதை.

நண்பரின் கிட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அமரத்தில் (கப்பலின் பின்முனை) வரும் ஒரு வளைந்த துண்டு, தண்ணீரில் ஊற வைத்து வளைக்கும்போது முறிந்தது. மாற்றுத் துண்டு கேட்டு விற்றவர்களுக்கு எழுதினார், பதில் வந்தது, துண்டு வரவில்லை. நான்கு மாதம் கப்பல் ஷெல்ஃபில் கிடந்தது. கடைசியில் முறிந்த இரண்டு பாதிகளையும் மேசைமேல் சேர்த்து வைத்து, ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் வரைந்து, வெட்டி, அதை வைத்து மரத்தை அறுத்தார். காசு கொடுத்துக் கிட் வாங்கியவரும் அட்டை அச்சுக்குத்தான் வந்து சேர்ந்தார். எல்லாக் கிட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். துண்டு கேட்டால் உடனே அனுப்புகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் பத்து வருடம் கழித்துக் கரையான் அரித்தால்? அந்தக் கிட் அப்போது விற்பனையில் இருக்குமா?

அட்டை அச்சு வழியின் உண்மையான குறை வேறு. அட்டைக் கப்பலில் வங்குகளின் இடைவெளி 2.5 சென்டிமீட்டர் என்றால் தாளுக்குப் போதும். பெரிதாக்கினால் அது 6 சென்டிமீட்டரைத் தாண்டும், பலகை நடுவில் தொய்யும். கப்பலின் நடுப்பாகம் நேராக இருப்பதால் சமாளிக்கலாம். அணியத்திலும் அமரத்திலும் இடையே பால்சா என்ற லேசான மரக்கட்டை வைத்து நிரப்பி இழைக்க வேண்டும். அங்கே அச்சு உதவாது, கண்ணும் கையும்தான். எம்டனின் அணியம் கீழே முட்டுவதற்குத் துருத்திக்கொண்டு வருவது. அந்த வளைவு எனக்கு இன்றும் திருப்தியில்லை.

மேல்தளத்தில் மரம்தான் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. புகைபோக்கிகளை அட்டையில் சுருட்டியதுதான் அழகு. பீரங்கி பத்து, 10.5 சென்டிமீட்டர் வாய், குழல் நீளம் 4.2 மீட்டர், நம் அளவில் 4.2 சென்டிமீட்டர். கடைசல் பிடிக்க என்னிடம் மெஷின் இல்லை. விளக்குமாற்றில் இருந்து ஈர்க்குச்சி உருவினேன். அடியில் தடித்து நுனியில் மெலியும் பீரங்கிக் குழல், இயற்கையே கடைந்து கொடுத்தது. பெயின்ட் அடித்தபின் வந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டி மட்டும் கண்டுபிடித்திருப்பார்.

தண்ணீரில் விட்டுப் பார்க்கவில்லை, எனவே மிதப்பு, எடை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மிதக்கத்தான் கட்டுகிறீர்கள் என்றால் கணக்கு மாறும்.

முதல் கப்பல், கையில் கருவியும் குறைவு, விரும்பும் பாய்மரக் கப்பல் பட்டியலில் இருக்கிறது என்றால் கிட்டையே வாங்குங்கள். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் பசையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு வங்கையும் வளைவுத் துண்டையும் அட்டைமேல் வைத்து வரைந்து, வெட்டி, எண் போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு மாலை வேலை.

எம்டன் இப்போது மேல் ஷெல்ஃபில் நிற்கிறது. பிரிட்டிஷ் கப்பல் என்று எதிரியை நம்ப வைக்க நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி வைத்துக்கொள்ளுமே, அதையும் அட்டையில் சுருட்டி, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் வரும்போதெல்லாம் அதைக் கழற்றி எங்காவது போட்டுவிடுகிறான். இதுவரை மூன்று சுருட்டியாகிவிட்டது. அச்சு இருக்கிறது.