கானா கச்சேரியா, பிள்ளைகள் வரைந்த காலண்டரா?

வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் இலவச மாலை டியூஷனுக்கு வருடா வருடம் நிதி திரட்டியாக வேண்டும். இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது.

பொங்கலை ஒட்டி கானா கச்சேரி வைத்தால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டுதானே, எங்கள் தெருவுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் மைக் செட், ஜெனரேட்டர், போலீஸ் அனுமதி என்று காசு முதலிலேயே கரையும். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். பாட்டு சூடுபிடிப்பதே ஒன்பதரைக்குத்தான்! உண்டியலில் விழுந்ததெல்லாம் பத்தும் இருபதும். உண்மையில் கைகொடுத்தது ஓரமாகப் போட்ட அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப். எட்டரைக்கே தீர்ந்துவிட்டது.

காலண்டருக்குக் கூட்டம் வேண்டாம், 12 படம் போதும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி காசிமேட்டுப் படகை வரைந்து, மீன்வலைக்குப் பதில் பழைய கொசுவலைத் துண்டை ஒட்டியிருந்தாள். அச்சில் அது தெரியவே இல்லை, என்ன செய்ய. தீபாவளி முடிந்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். பொங்கல் தாண்டினால் சும்மாதான் கொடுக்க வேண்டும். பின்னட்டையில் நன்கொடைக்கான கியூஆர் கோடு போடுங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் தந்தால் நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பணம்தான் குறி என்றால் காலண்டர். ஆனால் கச்சேரிக்கு மறுநாள் மூன்று பிள்ளைகள் புதிதாக டியூஷனுக்கு வந்து நின்றார்கள்.