சொனோமா: வைனும் கடலும் ஒரே வார இறுதியில் (பல பயணங்களுக்குப் பிறகு)

கலிபோர்னியாவின் சொனோமாவுக்குப் போகும்போது உள்நாட்டு ஊரான ஹீல்ட்ஸ்பர்க்கில் அறை போடுவதா, கடலோர ஊரான போடேகா பேயில் போடுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவரும் மனைவியும் மட்டும், இரண்டு இரவு. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் சொனோமா, அங்கே பினோ நுவார் என்ற சிவப்பு வைனும் ஷார்டனே என்ற வெள்ளை வைனும் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அதனால் அதை விட்டுவிட்டு, எத்தனை முறை போனாலும் உறுத்துகிற ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். மணி பார்த்துக்கொண்டே வைன் குடிக்க வேண்டியிருப்பதுதான் அது.

2020க்கு முன்பு வைன் தயாரிக்கும் இடங்களான வைனரிகள் பலவற்றில் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழையலாம். பெருந்தொற்றுக் காலத்தில் முன்பதிவு கட்டாயமாயிற்று. தொற்று போனது, பல இடங்களில் முன்பதிவு போகவில்லை. இப்போது பெரும்பாலான இடங்களில் உட்கார்ந்து சில வைன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைக்கும் டேஸ்டிங்தான், 60 முதல் 90 நிமிடம். தலைக்கு 35, 50 டாலர் என்பது சாதாரணம். பதிவு செய்யும்போதே கார்டு எண்ணைக் கேட்பார்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்யாவிட்டால் பணம் போய்விடும்.

சனிக்கிழமைக்கு 11 மணிக்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று என்று போட்டு வைப்பார்கள். ஃபோனில் பார்க்கும்போது இடைவெளி நிறைய இருப்பதுபோலத்தான் தோன்றும். முதல் இடத்தில் ஊற்றுபவர் அன்பாகப் பேசி, பட்டியலில் இல்லாத ஒரு பாட்டிலையும் திறப்பார். கணக்கு முடித்து வெளியே வரும்போது 12.25. வெஸ்ட்சைடு ரோடு குறுகலான, வளைந்து வளைந்து போகும் சாலை, சைக்கிள்காரர்கள் வேறு. மதியச் சாப்பாட்டுக்கு நேரமில்லை. வெறும் வயிற்றில் இரண்டாவது டேஸ்டிங். மூன்றாவது இடத்துக்குப் போகும்போது பத்துப் பினோ நுவார் நாக்கைத் தாண்டியிருக்கும். அதன் பிறகு எது எந்தத் தோட்டம் என்பதெல்லாம் தெரியாது, எல்லாம் செர்ரிப் பழச் சாறுதான். அந்த மூன்றாவது 100 டாலர் முழுக்க வீண்.

வைனரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு மேசைக்கு ஒருவர் நின்று, ஒரே திராட்சையை மூன்று தோட்டங்களிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி விளக்குவது, பழைய காலத்தில் கவுன்டரில் முண்டியடித்துக் குடித்ததைவிட எவ்வளவோ மேல். சிறிய வைனரிகள் பலவற்றுக்கு மாவட்ட அனுமதியிலேயே முன்பதிவோடு வருபவர்கள் மட்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆக அவர்கள் மீது குற்றமில்லை. ஆனாலும் ஓய்வெடுக்கப் போகிற இருவருக்கு இது அலுவலக காலண்டர் மாதிரியே இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்து ஒரே மருந்து, ஒரு நாளைக்கு ஒரே முன்பதிவு. அதையும் காலை 11 மணிக்குப் போடுங்கள். நாக்கு புதிதாக இருக்கும், கூட்டம் இருக்காது, முடிந்ததும் நேரே சாப்பாட்டுக்குப் போகலாம்.

அடுத்தது, வண்டியை யார் ஓட்டுவது? இருவர் மட்டும் போகும்போது இதுதான் பெரிய சிக்கல், இதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. ஒரு டேஸ்டிங்கில் ஐந்து வைன், ஒவ்வொன்றும் ஒன்றரை அவுன்ஸ் என்றால் மொத்தம் ஏழரை அவுன்ஸ். அமெரிக்கக் கணக்கில் 12 சதவீத வைன் 5 அவுன்ஸ் ஒரு டிரிங்க். இங்குள்ள பினோ நுவார் பெரும்பாலும் 13, 14 சதவீதம். எனவே ஒரு டேஸ்டிங் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டிரிங்க். ஊற்றுபவர் தாராளமாக 2 அவுன்ஸ் ஊற்றினால் இரண்டையும் தாண்டும். உடல் ஏறக்குறைய மணிக்கு ஒரு டிரிங்கைத்தான் கரைக்கும். கலிபோர்னியாவில் ரத்த ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டுவது தடுமாறினால் வழக்கு உண்டு. அடுத்தடுத்து இரண்டு டேஸ்டிங் முடித்துவிட்டு, மெலிந்த உடல்வாகுள்ள ஒருவர் கடலோர நெடுஞ்சாலையான ஹைவே 1ன் மலைவிளிம்பில் வண்டி ஓட்டக் கூடாது.

வழி இருக்கிறது. ஒரே டேஸ்டிங்கை இருவரும் பகிர்ந்துகொள்ளலாமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பல இடங்களில் சரி என்பார்கள். மேசையில் துப்புவதற்கான பாத்திரம் எப்போதும் இருக்கும். அதைப் பயன்படுத்துவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறார்கள். சனிக்கிழமை ஒருவர் ஓட்ட, ஞாயிற்றுக்கிழமை மற்றவர் ஓட்டலாம். ஊபரை நம்பி மட்டும் போகாதீர்கள். சான்டா ரோசா நகரத்தில் கிடைக்கும், கடலுக்குப் போகும் வழியில் உள்ள செபாஸ்டபோல் ஊருக்கு மேற்கே கிடைப்பது அதிர்ஷ்டம். கடலோரத்தில் பல இடங்களில் கூப்பிடுவதற்கு சிக்னலே இருக்காது. வரைபடத்தை முந்தைய நாளே ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டோடு வாங்கிய பாட்டிலில் பாதி மிஞ்சினால் உணவகத்தில் கார்க்கைத் திரும்ப அடைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் திறந்த பாட்டில் டிக்கியில்தான் இருக்க வேண்டும், சீட் பக்கத்தில் இருந்தால் அபராதம்.

இனி எரிச்சலைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் இங்கே இழுத்துவருகிற ஒன்றைப் பற்றிப் பேசலாம். மூடுபனி.

ஜூலையில் போடேகா பே போனவர்கள் பாதிப்பேர் ஏமாந்து திரும்புவார்கள். உள்ளே ஹீல்ட்ஸ்பர்க்கில் 90 டிகிரி ஃபாரன்ஹீட், இங்கே 58. மதியம் 2 மணிக்கும் கடல் தெரியாது. காரணம் எளியது. கோடையில் வடமேற்குக் காற்று கடலின் மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கடல் நீரின் வெப்பம் 50 முதல் 55 டிகிரிதான். அதன் மீது ஈரக்காற்று வந்து படும்போது பனியாகிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் சூடேறி அங்கே காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மலைத்தொடரில் இரண்டு வாசல்கள்: ஒன்று ரஷ்யன் ரிவர் ஆறு வெட்டிய பள்ளம், இன்னொன்று பெட்டலூமா கேப் என்கிற தாழ்வான இடைவெளி. மாலையில் பனி இவற்றின் வழியே உள்ளே புகுந்து, மறுநாள் காலை பத்து, பதினொன்றுக்குக் கலையும். பகலுக்கும் இரவுக்கும் 35, 40 டிகிரி வித்தியாசம். தோல் மெல்லிய பினோ நுவார் வெயிலில் வெந்துபோகாமல், புளிப்பு குறையாமல் நிதானமாகப் பழுப்பது இதனால்தான்.

எனவே 11 மணி டேஸ்டிங்குக்குச் செபாஸ்டபோல், கிராட்டன், ஃபாரஸ்ட்வில் பக்கம் போனால், கொடிகளின் மேல் பனி பிரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பனியால் விளைந்ததைக் கையில் வைத்திருப்பீர்கள். முந்தைய மாலை அதே பனி கடலிலிருந்து கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். பக்கத்து வைன் பகுதியான நாப்பாவில் கிடைக்காதது இதுதான். வைனும் கடலும் இரண்டு தனித்தனிச் சுற்றுலா என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது தவறிப்போகும்.

லேபிளைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ‘சொனோமா கோஸ்ட்’ என்று போட்டிருந்தால் கடலோரத் திராட்சை என்று அர்த்தமில்லை. 1987ல் வரையறுத்த அந்த வைன் பகுதியின் எல்லை மிகப் பரந்தது, கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே வரை போகிறது. நிஜமான கடலோரத் தோட்டங்களுக்காக ‘வெஸ்ட் சொனோமா கோஸ்ட்’ என்ற தனி எல்லை 2022ல்தான் வந்தது. ‘ஃபோர்ட் ராஸ்-சீவியூ’ இன்னும் சுவாரசியமானது. அங்கே தோட்டங்கள் 920 அடிக்கு மேலே, பனிமட்டத்துக்கும் மேலே. கீழே கடல் மூடிக்கிடக்கும்போது மேலே கொடிகளுக்கு வெயில். ரஷ்யர்கள் 1812ல் கோட்டை கட்டிய இடம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. 1817லேயே அவர்கள் அங்கே திராட்சை நட்டிருக்கிறார்கள். 2020 சிவப்பு வைன் யாராவது தந்தால் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்த ஆண்டுக் காட்டுத்தீப் புகை திராட்சையில் ஏறியதால் பலர் சிவப்பே போடவில்லை.

சரி, எங்கே தங்குவது? ஹீல்ட்ஸ்பர்க்கில் பெரிய வசதி, பிளாசாவைச் சுற்றி டேஸ்டிங் ரூம்கள், உணவகங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில். யார் ஓட்டுவது என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் கடல் ஒரு மணி நேரம். போய்வர இரண்டு மணி நேரம் என்றால் சனிக்கிழமை மதியம் வண்டியிலேயே போய்விடும். போடேகா பேயிலும் ஜென்னரிலும் நேர்மாறு: கடல் வாசலில், வைன் தூரத்தில், இரவு எட்டு, எட்டரைக்கெல்லாம் பல சமையலறைகள் மூடிவிடும். உணவுப்பட்டியலில் பெரும்பாலும் மீனும் நண்டும்தான். சைவர்கள் ரொட்டி, சீஸ், பழம் எல்லாவற்றையும் செபாஸ்டபோலிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. ஒரு இரவு இங்கே, ஒரு இரவு அங்கே என்று பிரிப்பது மோசமான யோசனை. வார இறுதிக்கு இரண்டு இரவு கட்டாயம் என்று பல விடுதிகள் சொல்லும். 11 மணிக்குக் காலி செய்து 4 மணிக்கு அடுத்த அறை கிடைப்பதற்குள், நடுவில் பெட்டிகளோடு அலைய வேண்டும்.

தூரத்தையும் வசதியையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் செபாஸ்டபோல்தான் விடை. அங்குள்ள பார்லோ என்ற கடை வளாகத்தில் நடந்தே டேஸ்டிங், சாப்பாடு. போடேகா பேக்கு அரை மணி நேரம், நல்ல வைனரிகளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். யார் கேட்டாலும் அறிவு சொல்வது அதைத்தான்.

கடற்கரையில் இறங்கி நடக்க ஷெல் பீச்சில் வண்டியை நிறுத்தி கோர்ட்டம் டிரெயிலைப் பிடியுங்கள். மேட்டின் மேலேயே சமதளமாகப் போகும் பாதை, ஏற்றம் குறைவு, கோட் ராக் வரை கடலைப் பார்த்தபடி நடக்கலாம். கோட் ராக்கில் ஆறு கடலில் கலக்கும் மணல்திட்டில் கடல்நாய்கள் கிடக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை குட்டிகளும் இருக்கும், 50 கஜம் தள்ளியே நில்லுங்கள். அங்கே கரை சட்டென்று ஆழமாகிவிடும். அமைதியாக இருக்கும்போதே திடீரென்று பெரிய அலை ஏறி வந்து ஆளை இழுத்துவிடும். கால் நனைக்கக்கூட அது இடமில்லை, புகைப்படத்துக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே கூடாது.

போடேகா ஹெட் என்ற கடல்முனையில் ஜனவரி முதல் மே வரை சாம்பல் திமிங்கிலங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குட்டியோடு வடக்கே போகும் தாய்கள் கரையை ஒட்டி வரும், ஒரு பைனாகுலர் போதும். அந்த முனையில் அணுமின் நிலையம் கட்டப் பள்ளம் தோண்டினார்கள். சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலநடுக்கப் பிளவுக்குப் பக்கத்தில் அணு உலையா என்று உள்ளூர் மக்கள் போராடியதில் 1964ல் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பள்ளம் இன்று குளமாக நிற்கிறது. அவர்கள் போராடாமல் இருந்திருந்தால் இந்தக் கடலோரமே இப்படி இருந்திருக்காது.

எப்போது போவது? செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை. கடலோரத்தில் பனி குறைந்து தெளிவான வெயில் வருவது அப்போதுதான், அறுவடையும் நடந்துகொண்டிருக்கும். கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும் என்பது உண்மைதான். குளிர்காலத்தில் மலிவு, ஆனால் மழையைப் பாருங்கள்: 2019 பிப்ரவரியில் ரஷ்யன் ரிவர் கரையிலுள்ள கர்ன்வில்லில் ஆறு 45 அடியைத் தாண்டியது, 32 அடியிலேயே வெள்ள அபாயம். அப்படி வந்தால் ரிவர் ரோடும் 116 நெடுஞ்சாலையும் மூடிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: அறிவு என்ன சொன்னாலும் செபாஸ்டபோல் வேண்டாம், மாலையில் கரையில் நின்று கடலைப் பார்ப்பதுதான் முக்கியம். ஜென்னரிலோ போடேகா பேயிலோ இரண்டு இரவும் தங்குங்கள், சனிக்கிழமை எந்த முன்பதிவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குள் சான் ஃபிரான்சிஸ்கோவைத் தாண்டிவிட்டால் 101 நெடுஞ்சாலையில் நெரிசலுக்கு முன்னால் வந்துவிடலாம். வழியில் செபாஸ்டபோலில் ஒரு ஷார்டனே, ஒரு பினோ நுவார், சாப்பாட்டுச் சாமான், முழு டேங்க் பெட்ரோல். ஞாயிறு 11 மணிக்கு ஒரே ஒரு டேஸ்டிங், திரும்புகிற வழியில். அவ்வப்போது வீட்டுக்கு வைன் பெட்டி அனுப்பும் கிளப்பில் சேரச் சொல்வார்கள். சேர்ந்தால் பல இடங்களில் குறைந்தது இரண்டு, மூன்று பெட்டிகளாவது வாங்கிய பிறகுதான் விலக முடியும், ஒவ்வொரு பெட்டி வரும்போதும் 21 வயது நிரம்பியவர் வீட்டில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். எனவே பிடித்த பாட்டிலை அங்கேயே வாங்குங்கள். பல இடங்களில் வாங்கினால் டேஸ்டிங் கட்டணத்தைக் கழிப்பார்கள்.

வாங்கியதை டிக்கியில் ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். கடலோரத்தில் வண்டி குளிர்ச்சியாகவே இருக்கும், உள்ளே சாப்பிட நிறுத்துகிற ஒரு மணி நேரத்தில்தான் வைன் சூடேறி கார்க்கைத் தள்ளும். திரும்பும்போது பாலத்தில் சுங்கம் உண்டு, தெற்கு நோக்கி வருபவர்களுக்கு மட்டும். 2013லிருந்து ரொக்கம் வாங்குவதில்லை. வாடகை வண்டி என்றால் அந்த நிறுவனம் சுங்கத்துக்கு மேல் என்ன கட்டணம் போடும் என்பதைச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.