டேப்பர் கோன் செட்: காசுக்கு ஏற்ற பொருள்தான், முறுக்கத் தெரிந்தால்

வண்டியின் ஹேண்டில் திரும்பும் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பேரிங் ஜோடிதான் கோன் செட். ஸ்ப்ளெண்டர், பல்சர், ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளுக்கு, குண்டுகள் வைத்த பால்ரஸ் கோன் செட்டுக்குப் பதிலாகப் போட, கூம்பு வடிவ உருளைகள் வைத்த டேப்பர் ரோலர் செட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் கொடுக்கலாம்.

காரணம் எளிது. பால்ரஸ், தான் உருளும் வெளிவளையமான கப்பை ஒரு புள்ளியில்தான் தொடும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், குண்டுகள் ஒரே இடத்தில் இருந்தபடி ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் வாங்கிக் கப்பில் குழி போட்டுவிடும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் 'டக்'கென்று சிக்கும். அதற்குப் பிறகு முறுக்குவது வீண், குழிதான் ஆழமாகும். ரோலர் தன் முழு நீளத்துக்கும் கப்பில் படிவதால் இந்தக் குழி அவ்வளவு சீக்கிரம் விழாது.

செட்டில் இரண்டு கப், உள்வளையமும் ரோலரும் சேர்ந்த இரண்டு கோன், கீழே போட ஒரு ரப்பர் சீல் இருக்க வேண்டும். சீல் இல்லாத செட்டை வாங்காதீர்கள். சேறும் தண்ணீரும் முதலில் கெடுப்பது கீழ் கோனைத்தான். பழைய செட்டைக் கடைக்குக் கொண்டுபோய், கப்பும் கோனும் சேர்ந்த உயரத்தை வெர்னியரில் ஒப்பிடுங்கள். புதியது உயரமாக இருந்தால் மேலே லாக் நட்டுக்கு மரை போதாது. பெட்டியில் பூசி வரும் எண்ணெய் துருப்பிடிக்காமல் இருக்கத்தான். அதைக் கிரீஸ் என்று நம்பி மாட்டுபவர்கள் நிறையப் பேர். ரோலர்களுக்கு இடையே உள்ளே போகும்வரை லித்தியம் கிரீஸை அழுத்தித் திணிக்க வேண்டும்.

கீழ் டி-யின் (டி என்பது ஃபோர்க் பைப்புகளைப் பிடிக்கும் தட்டு) தண்டில் மாட்டும்போது சீல் முதலில், பிறகுதான் கீழ் கோன். சீலை மறந்துவிட்டால் அடித்து இறக்கிய கோனைத் திரும்பக் கழற்ற வேண்டும். அது பெரும்பாலும் முழுசாக வராது. கோனை இறக்க, உள்வளையத்தில் மட்டும் படும் பைப்பை வைத்துத் தட்டுங்கள். ரோலர் கூட்டில் பட்டால் செட் குப்பைக்குத்தான். ஃபிரேமில் இறங்கும் கப்புகளை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பழைய கப்பை மேலே வைத்து அடித்தால் கோணாமல் இறங்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் மொத்தையாக இருந்த சுத்திச் சத்தம் கணீரென்று மாறும். அந்தச் சத்தம் வராமல் விட்ட கப், ஓட ஓட இறங்கி ஆட்டம் கொடுக்கும்.

செட்டின் ஆயுள் முறுக்குவதில் இருக்கிறது. மேனுவலில் டார்க் அளவு (எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பது) இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால், மேல் கோனை அழுத்தும் நட்டைச் சி ஸ்பானரால் ஒருமுறை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஐந்தாறு முறை திருப்பி ரோலர்களைப் படிய வையுங்கள். பிறகு முழுக்கத் தளர்த்தி, ஆட்டம் நிற்கும்வரை முறுக்கி, அதற்கு மேல் மயிரிழை மட்டும். இதைச் செய்யும்போது ஃபோர்க் பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகள் ஏதாவது ஒரு டி-யில் தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப்புகள் இரண்டு டி-யையும் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் முறுக்கியது பேரிங்குக்குப் போகாது. மேல் நட்டை இறுக்கியதும் செட்டிங் மாறும் என்பதால், அதற்குப் பிறகு சோதிப்பதுதான் கணக்கு.

சோதனை இரண்டு. சக்கரம் தரையில் படாமல் இருக்க, ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் தன் எடையிலேயே இரு பக்கமும் முனைவரை விழ வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடியை முன்னும் பின்னும் ஒருவர் ஆட்டட்டும். கீழ் டி-க்கும் ஃபிரேமுக்கும் இடையே உள்ள சந்தில் நீங்கள் விரல் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன் தளர்வு. விரலுக்குத் தெரியாமல் கீழே மட்டும் ஆடினால் தேய்ந்தது ஃபோர்க்குக்குள் இருக்கும் புஷ் வளையம். பாவம், அதற்காகவும் கோன் செட்டை மாற்றிவிடுகிறார்கள்.

பால்ரஸ் போலவே நினைத்து இறுக்கிவிட்டால், மெதுவாகப் போகும்போது வண்டி இடமும் வலமுமாக அலையும். வளைவில் திரும்பியபின் ஹேண்டில் தானாக நேராகாது. பலர் இதை டயர் கோளாறு என்று எண்ணிக் காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். புதுச் செட் 500 கிலோமீட்டருக்குள் படிந்து கொஞ்சம் தளரும். ஒருமுறை திரும்ப முறுக்கியே ஆக வேண்டும். வாட்டர் சர்வீஸில் அந்த இடத்துக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

ஃபிரேமில் கப் உட்காரும் துளையே அகன்று, புதுக் கப் கையாலேயே இறங்கும் வண்டிகளுக்கு இதை வாங்க வேண்டாம். துளையைச் சுற்றிலும் பஞ்ச் உளியால் குத்திப் பிடிக்க வைப்பார்கள், நிலைக்காது. லேத்தில் புஷ் வளையம் போட்டுத் துளையைச் சரிசெய்த பிறகுதான் எந்தச் செட்டாக இருந்தாலும்.